கஞ்சா மயக்கமும் வண்டிச் சட்டமும்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருமுறை சென்று வந்தோர்க்கு, துறைமுக வாயிலை நோக்கி ஊர்ந்து செல்லும் சரக்குப்பெட்டி லாரிகளைப்பற்றி நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவற்றின் அருகே திருவொற்றியூர்ச் சிறுவர் மிதிவண்டியிற் பள்ளி செல்கின்றனர். காசிமேட்டு மீன்காரப் பெண்டிர் கூடை சுமந்து சாலையைக் கடக்கின்றனர். இத்தகைய இடத்தில் வண்டி செலுத்துவோரின் அறிவு தெளிந்திருத்தல் இன்றியமையாததென்பதை மறுப்பார் ஒருவருமிலர்.

குடித்து வண்டி செலுத்துவோரைப்பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேற்பட்ட மதுச்சத்து இருத்தல் குற்றமாம். மூச்சை ஊதும் சிறு கருவி அதனை அக்கணமே காட்டிவிடும். அப்பிரிவே லாகிரி வஸ்துக்களையும் கூறுகின்றது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கஞ்சா முதலியவற்றை ஐயத்திற்கிடமின்றி அதனுள் அடக்கிற்று. முதற்குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமாம். ஆயினும், கஞ்சாவுக்கு அளவு யாதும் அங்கே குறிக்கப்படவில்லை. வண்டியைத் தன்வயப்படுத்தி ஓட்ட இயலாதவாறு மயங்கியிருந்தமையே மெய்ப்பிக்கப்படல் வேண்டும். மதுவை அளக்கும் கருவியோ கஞ்சாவை அறியாது.

அங்ஙனமாயின் இதற்கும் ஓரளவை விதித்துவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். பிறநாட்டார் விதித்துள்ளனர். இங்கிலாந்து 2015-இல் லிட்டர் இரத்தத்திற்கு 2 மைக்ரோகிராம் என்றது. ஜெர்மனியோ, 1 மைக்ரோகிராமுக்கு ஒப்பாக வழங்கிய எல்லையை 2024-இல் 3.5 ஆக உயர்த்திற்று. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் உண்டு. மதுவைப்போலன்றி, கஞ்சாவின் மயக்கச்சத்து உடற்கொழுப்பிற் படிந்து மெல்ல வெளிப்படும். நாடோறும் புகைத்தவரின் சிறுநீரில், மயக்கம் தெளிந்து பன்னாட்களுக்குப் பின்னும் அதன் சுவடு காணப்படும். இரத்தத்திலுள்ள அளவும் மயக்கத்தின் அளவும் எஞ்ஞான்றும் ஒத்திருப்பதில்லை.

ஆகவே, சிறுநீர்ச் சோதனை ஒன்றையே நம்பித் தண்டித்தல் முறையன்று. கஞ்சா உட்கொள்வது 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருட் சட்டத்தின்படி தனியே ஒரு குற்றமேயாம். அதனை அவ்வாறே விசாரிக்கலாம். சென்ற வாரத்துப் புகையை இன்றைய மயக்கமெனக் கூறுதல் நீதியாகாது. அதுபோலவே, கருவி இல்லையென்று மயங்கினவனை விட்டுவிடுதலும், சாலையில் நடக்கும் எளியோர்க்கு இழைக்கும் தீங்கேயாம்.

நாம் விழைவது இதுவே. கண், நடை, பேச்சு, கவனம் ஆகியவற்றை முறையாகச் சோதித்து எழுதிவைக்கக் காவலர்க்குப் பயிற்சி அளிக்கப்படுக. ஐயம் எழுந்தவுடன், காலந்தாழ்த்தாது வைத்தியரைக்கொண்டு இரத்தம் எடுக்கப்படுக. இவ்விரு சான்றும் ஒத்தவிடத்தே தண்டனை விதிக்கப்படுக.

இன்னும் ஒன்றுண்டு. மோட்டார் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என 1961-இலேயே சட்டம் வகுக்கப்பட்டது. இரவெல்லாம் வரிசையிற் காத்துக் கண்விழித்தவர் யாதொரு லாகிரியும் தீண்டாராயினும், அவர் ஓட்டும் வண்டி அச்சந்தருவதே. மயக்கத்தைக் கடிவோர் உறக்கமின்மையையும் எண்ணுவாராக.

இச்சட்டம் லாரிக்கு மட்டும் உரியதன்று. நம் மாணாக்கர் ஏறிவரும் மோட்டார் சைக்கிளுக்கும் உரியதே. சாலைக்குக் கேட்கும் ஒழுங்கை நம்மிடத்தே தொடங்குவோமாக.