சத்தம் கேட்டால் யாரிடம் கேட்பது?



சென்ற வாரம் களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தோம். திடீரென வானமே பிளந்ததுபோல் ஒரு சத்தம். சன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது; கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் ‘பஸ் ஸ்டாண்டில் குண்டு’ என்று வந்துவிட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒலியை மிஞ்சிய வேகத்தில் போர் விமானம் பறந்தால் இப்படித்தான் கேட்கும் என்கிறார்கள். தஞ்சையில் 2020 முதல் சுகோய் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. ஆனால் அன்று கேட்டது அதுதானா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

எங்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 1998 பிப்ரவரி 14, மக்களவைத் தேர்தல் நேரம். கோவைத் தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அங்கே மில்லில் வேலை பார்த்த தம்பியின் குரலைக் கேட்க, எஸ்.டி.டி. பூத் வாசலில் அம்மா நள்ளிரவுவரை நின்றார். இன்றும் பட்டாசுச் சத்தம் கேட்டால் அவர் முகம் மாறிவிடும்.

2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கார் வெடித்தபோதும், முதலில் கேள்விப்பட்டது சிலிண்டர் வெடிப்பு என்றுதான். நான்கு நாளில் வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்கு (என்.ஐ.ஏ.) போனது. இடையில் கட்சிக்கொரு கதை, தெருவுக்கொரு வதந்தி. வதந்தி முதலில் கை நீட்டுவது பக்கத்து வீட்டுக்காரரைத்தான்.

சத்தம் கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மாவட்ட நிர்வாகம் தெரிந்ததைச் சொல்லட்டும். ‘விசாரிக்கிறோம்’ என்றாவது ஆட்டோவில் மைக் வைத்து அறிவிக்கட்டும்.

– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி