சந்திரனிலிருந்து 3 லிட்டர் வாயு வேண்டும்!

கடைக்குப் போய், "3 லிட்டர் பால் கொடுங்கள்" என்று கேட்கிறோம். கடைக்காரர் அளந்து ஊற்றுகிறார்.

அமெரிக்க அரசாங்கமும் இப்படி 3 லிட்டருக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. பால் அல்ல, ஒரு வாயு. கடை இருக்கும் இடம் சந்திரன்!

இது கதை அல்ல. 2025 மே மாதத்தில் நடந்தது. அமெரிக்க எரிசக்தி இலாகாவும் இன்டர்லூன் என்ற கம்பெனியும் ஒப்பந்தம் செய்துகொண்டன. சந்திரனில் மண்ணைத் தோண்ட வேண்டும். அந்த மண்ணில் உள்ள "ஹீலியம்-3" என்ற வாயுவைப் பிரிக்க வேண்டும். 2029 ஏப்ரலுக்குள் 3 லிட்டர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

3 லிட்டர் வாயுவின் எடை என்ன தெரியுமா? அரை கிராம்கூட இல்லை. மூன்று, நாலு குண்டுமணி எடைதான்!

இதற்காகவா சந்திரனுக்கு?

ஆம். இந்த வாயு அவ்வளவு அருமையாகிவிட்டது. மின்சாரத்துக்காகவோ பலூனுக்காகவோ அல்ல. கடுங்குளிரில் அது செய்கிற ஒரு காரியத்துக்காக.

குண்டூரில் ஒரு கிரகணம்

முதலில் ஹீலியம் யார் என்று பார்ப்போம்.

1868 ஆகஸ்ட் 18-ந் தேதி முழுச் சூரிய கிரகணம். அதைப் பார்க்க ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குண்டூருக்கு வந்தார். அப்போது குண்டூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. அந்த ஆண்டில் சூரிய ஒளியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. பூமியில் உள்ள எந்தப் பொருளுக்கும் அது பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அது அகப்பட்டது 1895-ல்தான்.

இன்று திருவிழாவில் குழந்தைகள் பிடித்துக்கொண்டு நடக்கும் பலூனில்கூட அந்த வாயு இருக்கிறது. ஆனால் அது ஹீலியம்-4.

ஹீலியம்-3 அதன் தம்பி. எடை கொஞ்சம் குறைவு. காற்றில் உள்ள ஹீலியத்தில் பத்து லட்சம் அணுவை எடுத்தால், அதில் ஒன்றோ இரண்டோதான் ஹீலியம்-3.

அணுவுக்குள் பம்பரம்

அண்ணன் தம்பிக்குள் எடை மட்டுமா வித்தியாசம்? இல்லை. குணமே வேறு.

அணுவுக்குள் இருக்கும் துகள் ஒவ்வொன்றும் ஒரு பம்பரம் போல நடந்துகொள்கிறது. (நம் பம்பரம் போல உண்மையிலேயே சுற்றுகிறது என்று எண்ண வேண்டாம். சுற்றும் பொருளுக்கு உள்ள குணம் அதற்கு இருக்கிறது, அவ்வளவே.) இதனால் அது ஒரு சின்னஞ்சிறு காந்தமும் ஆகிறது.

ஹீலியம்-4-ல் இந்தப் பம்பரங்கள் ஜோடி ஜோடியாக, எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடும். ஹீலியம்-3-ல் ஒரு பம்பரத்துக்கு ஜோடி இல்லை. அது தனியே நிற்கிறது.

இந்த ஒற்றைப் பம்பரம்தான் எல்லா வேடிக்கைக்கும் காரணம்.

சாதாரண உஷ்ணத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். குளிர வைக்க வேண்டும். எவ்வளவு? தண்ணீர் உறையும் நிலையிலிருந்து 273 டிகிரி கீழே போனால், அதற்குக் கீழே குளிரே இல்லை. அதுதான் குளிரின் கடைசி எல்லை. அந்த எல்லைக்கு 2 டிகிரி அருகே வரும்போது ஹீலியம்-4 திரவம் பைத்தியம் பிடித்ததுபோல் ஆகிறது. தலைமுடி நுழையாத துவாரத்திலும் ஓடுகிறது. கிண்ணத்தில் வைத்தால் சுவரில் ஏறி வெளியே வழிகிறது! 1938-ல் ருஷிய விஞ்ஞானி கபித்சாவும், இங்கிலாந்தில் ஆலன், மைசனர் என்ற இருவரும் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

ஏன் இப்படி? ஹீலியம்-4 அணுக்கள் கூட்டமாகச் சேரக் கூச்சப்படுவதில்லை. கோயில் திருவிழாக் கூட்டம் போல, அத்தனையும் ஒரே நிலையில் நெருக்கியடித்து நிற்கும். ஒன்று நகர்ந்தால் எல்லாம் சேர்ந்து நகரும்.

ஹீலியம்-3 அப்படி அல்ல. அது நம்பர் போட்ட சினிமா நாற்காலி போல. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் உட்கார முடியாது. ஒரே பக்கம் பார்த்த இரண்டு பம்பரங்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்பது இயற்கையின் சட்டம். ஆகையால் தம்பி சுலபத்தில் வழிக்கு வர மாட்டான். ஒரு டிகிரியை ஆயிரம் பங்காக்கி, அதில் 3 பங்குக்கும் கீழே குளிர வைத்தால்தான் அதன் அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு தடையில்லாமல் ஓடும். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையில் லீ, ஆஷராஃப், ரிச்சர்ட்சன் ஆகிய மூவரும் 1972-ல் இதைக் கண்டுபிடித்தார்கள். 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மண்பானைத் தத்துவம்

வெயில் காலத்தில் மண்பானைத் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கசியும் நீர் ஆவியாகிப் போகும்போது, உஷ்ணத்தையும் கொண்டுபோகிறது.

உலகத்தின் மிகக் குளிர்ந்த பெட்டிகளும் கிட்டத்தட்ட இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

அண்ணனையும் தம்பியையும் கலந்து குளிர வைத்தால், எண்ணெயும் தண்ணீரும் போல் இரண்டு அடுக்காகப் பிரியும். மேலே தம்பி, கீழே அண்ணன். ஆனால் ஒரு விசேஷம். எவ்வளவு குளிர வைத்தாலும், கீழ் அடுக்கில் 100-க்கு 6 அணு தம்பியாகவே இருக்கும். அந்த 6-ஐக் கீழே இருந்து உறிஞ்சி எடுத்தால், மேலே உள்ள ஹீலியம்-3 இறங்கி வந்து இடத்தை நிரப்பும். இறங்கும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொள்ளும். பானை நீர் மேலே ஆவியாகிறது. இங்கே ஹீலியம் கீழே "ஆவியாகிறது"!

1951-ல் ஹைன்ஸ் லண்டன் என்ற விஞ்ஞானி இந்த யோசனையைச் சொன்னார். 1965-ல் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் முதல் பெட்டியைச் செய்து காட்டினார்கள். முதன்முதல் 1908-ல் ஹீலியத்தைத் திரவமாக்கியதும் அதே லைடன்தான்.

இன்று இந்தப் பெட்டிகள் ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு வரை குளிர வைக்கின்றன. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெட்டவெளிகூட இதைவிட இருநூறு மடங்குக்கு மேல் சூடு!

கூகிள், ஐ.பி.எம். கம்பெனிகள் செய்யும் "குவாண்டம்" கம்ப்யூட்டரின் மூளை இந்தப் பெட்டிக்குள்தான் வேலை செய்கிறது. கொஞ்சம் சூடு ஏறினாலும் கணக்கு குழம்பிவிடும். 2025-ம் ஆண்டு பௌதிக நோபல் பரிசு கிளார்க், தெவோரே, மார்ட்டினிஸ் ஆகியோருக்குக் கிடைத்ததே, அது இப்படிக் குளிர வைத்த மின்சுற்றுகளில் செய்த சோதனைக்குத்தான்.

கம்ப்யூட்டர் பெருகினால் பெட்டி பெருக வேண்டும். பெட்டி பெருகினால் ஹீலியம்-3 வேண்டும். பெட்டிக்குள் போன வாயு செலவாவதில்லை. சுற்றிச் சுற்றி வரும். ஆனால் வேறு யாருக்கும் கிடைக்காமல் உள்ளேயே அடைபட்டுவிடும்.

மூச்சில் ஒரு படம்

இந்த வாயுவை இழந்தவர்கள் யார்? நுரையீரல் நோயாளிகள்!

எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உடம்பில் உள்ள நீரில்தான் அது படம் பிடிக்கிறது. நுரையீரலில் இருப்பது காற்று. ஆகவே படத்தில் அது இருட்டாகத் தெரியும்.

விஞ்ஞானிகள் ஒரு யுக்தி செய்தார்கள். ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவியில் லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒளி அதன் பம்பரங்களை ஒரே பக்கம் திருப்பியது. அந்த ஆவியோடு ஹீலியம்-3 உரசும்போது, அதன் பம்பரங்களும் ஒரே பக்கம் திரும்பின. பள்ளிக்கூட மைதானத்தில் இஷ்டப்படி நிற்கும் பிள்ளைகள், டிரில் மாஸ்டர் குரல் கேட்டதும் ஒரே பக்கம் திரும்புகிறார்களே, அதுபோல!

இந்த வாயுவை நோயாளி ஒரு மூச்சு இழுத்தால் போதும். நுரையீரல் பளிச்சென்று படத்தில் தெரியும். எந்தப் பகுதிக்குக் காற்று போகவில்லை என்று டாக்டர் கண்ணால் பார்க்கலாம். 1996-ல் மனிதர்களுக்கு இப்படிப் படம் எடுத்தார்கள்.

இது சாதாரண உஷ்ணத்தில் நடப்பது. ஒரே பக்கம் திருப்பிய வாயுவைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோனால்? லுயிலியே, லாலோ என்ற இரு பாரிஸ் விஞ்ஞானிகள் 1982-ல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்: "அணுக்கள் ஒன்றோடு ஒன்று மோதுவது மாறிவிடும்." பிறகு பாரிசில் செய்தும் பார்த்தார்கள். சரியாக இருந்தது. நாற்காலிச் சட்டம்தான் காரணம். எல்லாப் பம்பரமும் ஒரே பக்கம் பார்ப்பதால், ஒன்றை ஒன்று நெருங்க முடியாமல் விலகிப் போகின்றன. மோதல் குறைகிறது, வெப்பம் தாராளமாக ஓடுகிறது. வாயுவில் ஒரு அணுவைக்கூட மாற்றவில்லை. பார்க்கும் திசையை மட்டும் மாற்றினார்கள். வாயுவின் குணமே மாறிவிட்டது!

குண்டு கொடுத்த வாயு

சரி, இந்த ஹீலியம்-3 இதுவரை எங்கிருந்து வந்தது?

ஹைட்ரஜன் குண்டிலிருந்து!

குண்டில் டிரிட்டியம் என்ற பொருள் இருக்கிறது. அது தானாகவே அழியும். 12 ஆண்டுகளில் பாதி போய்விடும். அழிந்து என்ன ஆகிறது? ஹீலியம்-3 ஆகிறது. குண்டைப் புதுப்பிக்கும்போது அந்த வாயுவை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்தினார்கள். வேண்டாத சரக்கு என்பதால் லிட்டர் சுமார் 100 டாலருக்குக் கிடைத்தது.

அமெரிக்காவும் ருஷியாவும் குண்டுகளைக் குறைத்தன. 1988-ல் அமெரிக்கா டிரிட்டியம் செய்வதை நிறுத்தியது. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், அதுவும் குறைந்த அளவில், மறுபடி தொடங்கியது. உலகத்துக்கு நல்லதுதான். ஆனால் வாயு வரத்து குறைந்தது.

அந்தச் சமயத்தில் 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. யாராவது அணுகுண்டுச் சரக்கைக் கடத்தி வந்துவிட்டால்? துறைமுகம் தோறும் சோதனை வாசல்களை வைத்தார்கள். புளுட்டோனியத்திலிருந்து வரும் நியூட்ரானைப் பிடிக்க ஹீலியம்-3 நிரப்பிய குழாய்கள் வேண்டும். கையிருப்பு வேகமாகக் கரைந்தது. ஆண்டுக்கு வரத்து சுமார் 8,000 லிட்டர். செலவு அதைப்போலப் பல மடங்கு!

2008-ல் அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். பங்கீடு வந்தது. விலை லிட்டருக்கு 2,000 டாலரையும் தாண்டியது. யாருக்கு எவ்வளவு என்று அரசாங்கம் தீர்மானித்தது.

மூச்சோடு வெளியே போகிற வாயுவுக்கு யார் இந்த விலை கொடுப்பார்கள்? நுரையீரல் டாக்டர்கள் செனான் என்ற வேறொரு வாயுவுக்கு மாறினார்கள். அதற்கும் ஒற்றைப் பம்பரம் உண்டு. படம் முதலில் அவ்வளவு தெளிவில்லை. விடாமல் உழைத்துத் திருத்தினார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை செனானுக்கு அனுமதி கொடுத்தது. கொரோனா வந்து போனவர்களுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று ஆராயவும் அது இங்கிலாந்தில் பயன்பட்டது.

டாக்டர்கள் மாற்று வழி கண்டார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் சந்திரனைப் பார்க்கிறார்கள்!

லட்சம் டன் மண்

சந்திரனில் ஏன் இது இருக்கிறது? சூரியனிலிருந்து துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டே இருக்கின்றன. நம் பூமிக்குக் காற்றும் காந்தமும் கேடயம். சந்திரனுக்கு அது இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த மண்ணில் ஹீலியம்-3 படிந்திருக்கிறது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த மண்ணில் அதைப் பார்த்தார்கள்.

படிந்தது எவ்வளவு? அங்கேதான் கஷ்டம். 100 கோடி பங்கு மண்ணில் 10 பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 லிட்டருக்கு 40 டன் மண்ணைக் கிளற வேண்டும். நாலு லாரி மண்!

பின்லாந்து தேசத்தில் குளிர்ப்பெட்டி செய்யும் புளூஃபோர்ஸ் கம்பெனி, 2028 முதல் 2037 வரை ஆண்டுக்கு 10,000 லிட்டர் வரை வாங்கிக்கொள்வதாக 2025-ல் ஒப்புக்கொண்டது. அதற்கு ஒவ்வோர் ஆண்டும் லட்சம் டன்னுக்கு மேல் மண்ணைத் தோண்ட வேண்டும். அதைச் சூடாக்கி வாயுவைப் பிரித்து, பூமிக்கு அனுப்ப வேண்டும். இதுவரை சந்திரனில் ஒரு வண்டி மண்ணைக்கூட யாரும் இப்படிச் சுத்திகரித்ததில்லை. 2028 என்பது ரொம்பவும் அவசரமான தேதியாகவே எனக்குத் தோன்றுகிறது.

பூமியிலேயே வழி இல்லையா? இருக்கிறது. கன நீர் அணு உலைகளில் டிரிட்டியம் தானாகச் சேரும். கனடாவில் டார்லிங்டன் என்ற இடத்தில் அதைப் பிரிக்கும் நிலையம் இருக்கிறது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலைய உலைகளும் கன நீர் வகைதான். இந்திய அரசாங்கம் 2023-ல் குவாண்டம் ஆராய்ச்சிக்கு 6,003 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. அந்த ஆராய்ச்சிக்கும் இந்தக் குளிர்ப்பெட்டிகள் வேண்டும். டிரிட்டியத்தைப் பிரிப்பது லேசான வேலை அல்ல, ஆபத்தும் உண்டு. ஆனாலும் சந்திரனைவிடக் கல்பாக்கம் பக்கம்!

இன்னொரு வழி, வாயுவே இல்லாமல் குளிர வைப்பது. காந்தத்தைக் காட்டி, பிறகு எடுத்தால் சில உப்புகள் குளிரும். அவற்றின் உள்ளே இருக்கும் பம்பரங்கள்தான் அங்கேயும் வேலை செய்கின்றன. 2024 ஜனவரியில் சீன விஞ்ஞானிகள் கோபால்ட் கலந்த ஒரு படிகத்தால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குளிர வைத்ததாக வெளியிட்டார்கள். கம்ப்யூட்டருக்கு இது போதாது. இன்னும் பத்து மடங்கு கீழே போக வேண்டும்.

அதுவரை, தென் கரோலினா மாகாணத்து சவன்னா நதிக்கரை அணுசக்தி நிலையத்தில் டிரிட்டியம் மெதுவாக அழிந்துகொண்டிருக்கும். அதிலிருந்து பிரித்தெடுக்கும் வாயுவைத்தான் கம்ப்யூட்டர்காரரும், துறைமுகக் காவலரும், விஞ்ஞானியும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.