சாம்பலூர் எந்த மண்ணில்?

உம்மா, வாப்பா என்று தமிழிலேயே வாழும் நம்மைத் திரைப்படங்கள் ‘நம்பள், நிம்பள்’ என உளறவிட்ட காலத்தில் நாம் நொந்ததுண்டு. ஒருவனது பேச்சைப் பறிப்பது அவன் மண்ணையே பறிப்பதாகும் என்பதை அந்த நோவு நமக்குக் கற்பித்தது. ஆகவே, 2022-இல் வெளிவந்த ‘சுழல்’ தொடரைக் கண்டபின் வாய்மூடியிருக்க நமக்கு இயலவில்லை.

புஷ்கர்–காயத்ரி எழுதிய இக்குற்றத் தொடர், மலைசூழ்ந்த சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில் நிகழ்கிறது. சிமெண்டு ஆலை எரிகிறது. தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமற்போகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா. அவ்விழா மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாட்டோடு பிணைந்தது. சிவராத்திரிக்கு மறுநாள் வட மாவட்டங்களில் சிறப்பாக நிகழ்வது. அதனை மலையூருக்குப் பெயர்த்தவர்கள் மாந்தரின் பேச்சிலேனும் வட்டார மணத்தைக் காட்டினரா? இல்லை! அது எந்த ஊர்த் தமிழும் அன்று. கற்பனை ஊர் என்பது விடையாகாது. கற்பனை ஊருக்கும் நாக்கு உண்டு.

இயக்கமும் இரு கைகளில். எட்டுப் பகுதிகளுள் முன் நான்கு பிரம்மாவுடையவை. பின் நான்கு அனுசரணுடையவை. முன்பாதி மனிதரை நின்று நோக்குகிறது. பின்பாதியோ திருப்பங்களைத் துரத்தி ஓடுகிறது. ஓட்டத்தில் ஊர் உதிர்ந்துபோகிறது. திருவிழா வெறும் திரைச்சீலையாகிறது.

முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உலகெங்கும் சென்ற தொடர், தன் தாய்மொழியில் ஓர் ஊரின் குரலைக் காக்கவில்லையே! விழா நம்முடையதன்று, ஆயினும் நமக்கு இழைக்கப்பட்டபோது பிழையானது, பிறருக்கு இழைக்கப்படும்போதும் பிழையே.