சீட்டோடு போனவர்கள்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நம் மாவட்டங்களில் மகளிர் விழாக்களுக்குக் குறைவிருப்பதில்லை. கோலப் போட்டி ஒருபுறம் நடக்க, மற்றொருபுறம் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, முப்பது வயது கடந்தவர்களைக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு அழைத்து, மாலையில் வந்தோர் தொகையை மேடையில் அறிவித்துக் கலையும் இந்த வைபவங்களை வீண் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடும் அபிப்பிராயம் செவிலியர்களாகிய நம்மிடையே சிலருக்கு உண்டு. நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லர். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லி வாசற்படி இறங்க இயலாத ஒரு ஸ்திரீ, சுயஉதவிக் குழுவில் விழா என்றால் மாமியாருக்குக் காரணம் சொல்லாமலே புறப்பட்டு வந்துவிடுகிறாள். அந்த ஓர் அனுமதியைப் பெற்றுத் தருமானால், பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆன செலவை நாம் குறை சொல்ல மாட்டோம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21), 30 முதல் 49 வயது வரையிலான பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் இந்தியா முழுமைக்கும் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம் என்று கண்டது. உலக சுகாதார நிறுவனமோ 2030க்குள் 70 சதவீதத்தை எட்டச் சொல்கிறது. ஆகவே, பெண்களை வரவழைக்கும் எந்த உபாயத்தையும் இகழத்தக்க நிலையில் நாம் இல்லை.

நம் கவலை வேறு. சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்ட பெண் எங்கே போனாள்?

பரிசோதனை என்னவோ எளியதுதான். ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டிய அறையில், பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட படுக்கையில், அசிட்டிக் அமிலம் தோய்த்த பஞ்சை வைத்து ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால், பழுதுபட்ட இடம் வெளுத்துக் காட்டும். அவ்வாறு வெளுத்துக் கண்ட பெண்ணிடம் சொல்ல வேண்டியவை பல: இது புற்றுநோய் என்ற தீர்ப்பன்று, இப்போதே கவனித்தால் பெரும்பாலும் சிறு சிகிச்சையோடு தீர்ந்துவிடும், கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வருமோ என்று அஞ்சவேண்டியதில்லை என்றெல்லாம் நிதானமாக எடுத்துரைக்க வேண்டும். ஆனால் விருந்தினர் தாமதமாக வந்த காரணத்தால் பரிசோதனையே நண்பகலுக்குத்தான் ஆரம்பமாகியிருக்கும். வெளியே வரிசை நீண்டிருக்கும். பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரமும் நெருங்கியிருக்கும். ஆதலால், "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டும்மா" என்ற ஒரே வாக்கியத்தோடு சீட்டு கைமாறுகிறது. அது பரிசாக வந்த எவர்சில்வர் கிண்ணத்துக்குள் மடிந்து, ஒயர் கூடையில் ஏறி, வீட்டில் அலமாரித் தட்டுக்கு விரித்த காகிதத்தின் அடியில் போய்ச் சேருகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும், துணைக்கு ஆள் வேண்டும், புருஷனிடம் சொல்ல வேண்டும், வலியோ இல்லை, வலி இல்லாத வியாதிக்கு அவசரம் ஏது?

இதற்கு மாற்று உண்டென்பதை நம் மாநிலத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் கண்டிருக்கிறோம். அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம் முதலியவை சேர்ந்து நடத்தி, 2007இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியான அந்த ஆராய்ச்சியில், 30 முதல் 59 வயது வரையிலான 31,343 பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதித்தனர். குறி கண்டவர்கள் 3,088 பேர். அவர்களில் கால்போஸ்கோபி செய்துகொண்டவர்கள் 3,052 பேர். சீட்டெழுதி அனுப்பும் முகாம் எதிலும் நாம் கேள்விப்பட்டிராத இந்த விகிதத்துக்குக் காரணம், அந்தப் பெண்கள் வேறெங்கும் போகவேண்டியிருக்கவில்லை என்பதே: அதே வருகையில், அதே செவிலியர் கையால் கால்போஸ்கோபியும் திசுப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பதும், தகுந்தவர்களுக்கு உறைய வைக்கும் கிரையோ சிகிச்சையும் நடந்தேறின. அவ்வளவு ஏற்பாட்டிலும், புற்றுநோயின் முன்நிலை மாற்றம் கண்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 சதவீதமே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் ஒப்பீட்டுக் கிராமங்களைவிட அந்நோயின் புதிய வரவு 25 சதவீதமும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன. (ஒப்பீட்டுக் கிராமத்துப் பெண்களுக்குப் பரிசோதனை அளிக்காமல் விட்டது நெறியாகுமா என்று பின்னர் எழுந்த கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று, அதைத் தனியே விவாதிக்க உத்தேசித்திருக்கிறோம்.)

ஆகையால் விழாவின் தேதியை, மண்டபம் காலியாக இருக்கும் நாளையும் விருந்தினரின் சௌகரியத்தையும் பார்த்துக் குறிக்கும் வழக்கத்தை விட்டு, கால்போஸ்கோபி செய்யும் டாக்டர் என்றைக்கு வருவார் என்று முதலில் கேட்டு, அந்த நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ குறிக்குமாறு அமைப்பாளர்களை நாம் வற்புறுத்த வேண்டும். கையில் எடுத்துச் செல்லத்தக்க வெப்பச் சிகிச்சைக் கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருப்பதால், பயிற்சி பெற்றவர் இருக்கும் இடங்களில் வகுப்பறையிலேயே வேலையை முடித்துவிடவும் வழியுண்டு. அது கூடாத இடத்தில் துணை அனுப்ப வேண்டும். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் மகளிர் தன்னார்வலர்கள் இதற்கு உகந்தவர்கள்தாமென்றாலும், அவர்கள் அதே ஊர்க்காரர்கள். அதே குழுவைச் சேர்ந்தவர்கள். நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்று கூசுகிற பெண்ணுக்கு அடுத்த தெருக்காரி துணையாக வருவது சம்மதமாயிருக்குமா? யார் வரலாம், யார் வரக் கூடாது என்பதை அவளிடமே கேட்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதே முறை.

போகிற போக்கில் இன்னொன்று. குறி கண்டவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்து நான்காம் அறைக்கு வரச்சொல்லும் ஒரு விபரீத வழக்கம் சில முகாம்களில் தலைகாட்டுகிறது. விழாவை நடத்துவோர் அறியாமையால் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் நிற்கும் செவிலியர் அந்தப் பட்டியலை அவர்கள் கையில் கொடுத்திருக்கக் கூடாது.

இனி இவ்விதழுக்கு முகாம் அறிக்கை அனுப்பும் அன்பர்கள், திரளாக வந்திருந்தோரின் புகைப்படத்தோடும் வருகைத் தொகையோடும் நில்லாமல், குறி கண்டவர்கள் எத்தனை பேர், முகாமுக்குப் பின் மூன்று மாதங்களில் அவர்களில் எத்தனை பேர் டாக்டரைக் கண்டார்கள், எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்ற மூன்று தொகைகளையும் சேர்த்தே அனுப்ப வேண்டுகிறோம். மூன்று மாதம் கழித்து வருவதால் அறிக்கை பழசாகிவிடுமே என்று தயங்க வேண்டாம். மார்ச் மாதத்து விழாவை ஜூலை இதழில் வெளியிட நமக்கு ஆட்சேபணை இல்லை. இத்தொகைகள் இல்லாத அறிக்கைகளை அடுத்த இதழிலிருந்து பிரசுரிப்பதற்கில்லை.