மோதிரம் கேட்டவன்



மணமோதிரத்தைக் கழற்றித் தருமாறு தன் நாட்டுப் பெண்களைக் கேட்டான் முசோலினி. 1935 டிசம்பர் 18 அன்று, ரோமாபுரியிலே அரசி எலினா முதல் மோதிரத்தை இட்டார். பின்னாலே உழவன் மனைவி வந்தாள், உழைப்பாளி மனைவி வந்தாள், கணவனைப் போரிலே பறிகொடுத்த கைம்பெண்ணும் வந்தாள். தங்கம் போயிற்று, கைம்மாறாகக் கிடைத்தது இரும்பு வளையம்!

எதற்கு இந்தக் காணிக்கை? ஏழையின் பசி தீர்க்கவா? பள்ளிகள் எழுப்பவா? இல்லை, அபிசீனியாவை, இன்றைய எத்தியோப்பியாவை, அடிமை கொள்ள! 1896இல் அடோவாவிலே இத்தாலியப் படையைப் புறமுதுகு காட்ட வைத்த மக்கள் அவர்கள். அந்த வடுவைத் துடைப்பேன், பழைய ரோமப் பேரரசைப் படைப்பேன் என்று கொக்கரித்தான் கொடுங்கோலன். 1935 அக்டோபர் 3இல் படை புகுந்தது. வானிலிருந்து நச்சுவாயு பொழிந்தது. அதனைப் போரிலே பயன்படுத்துவதில்லை என்று 1925இல் ஜெனீவாவிலே கையொப்பமிட்ட நாடுதான் இத்தாலி!

உலகம் என்ன செய்தது? சர்வதேச சங்கம் தடை விதித்தது. அந்தத் தடைப் பட்டியலிலே எண்ணெய் இல்லை! சூயஸ் கால்வாயும் மூடப்படவில்லை. நாக்கு போரைக் கண்டித்தது. கை போர் வண்டிக்கு எண்ணெய் வார்த்தது! நாடிழந்த மன்னர் ஹெய்லி செலாசி 1936 ஜூன் 30இல் ஜெனீவாவிலே நின்று நீதி கேட்டார். அடுத்த மாதமே தடை நீங்கிற்று!

தடுப்பாரற்ற ஆசை அடங்குமா? 1939இல் அல்பேனியாவை விழுங்கினான். 1940 ஜூனில் உலகப் போரிலே குதித்தான். அக்டோபரில் கிரீசின் மீது பாய்ந்தான். மோதிரம் தந்த தாய்மாரின் மைந்தர்கள் பனிமலையிலே விறைத்து மாண்டனர். 1941 மே 5இல் செலாசி தலைநகர் திரும்பினார். ஐந்தே ஆண்டு வாழ்ந்தது அந்தப் பேரரசு! 1945 ஏப்ரலில், மிலான் நகரிலே, முசோலினியின் பிணம் தலைகீழாகத் தொங்கியது. எங்கே தெரியுமா? ஒரு பெட்ரோல் நிலையத்தின் உத்திரத்திலே!

கொடியவன் ஒழிந்தான் என்று மகிழ்ந்திருந்தால் போதுமா? மாண்ட மக்கள் மீளவில்லையே! 1935இல் இத்தாலியிலே, "ஏன் இந்தப் போர்?" என்று ஒரு குரல் ஓங்கி எழவில்லை. எப்படி எழும்? 1926க்குள்ளாகவே எதிர்க்கட்சிகளை ஒழித்தான், ஏடுகளின் வாயை அடைத்தான். அயல்நாட்டின் மீது படையெடுக்குமுன் சொந்த நாட்டின் நாவை வென்றுவிட்டான்!

பழம்பெருமை பேசிப் பிறர் மண்ணைப் பறிக்கக் கிளம்பும் தலைவன் எந்நாட்டிலே தோன்றினாலும், அவன் தொடங்குமிடம் இதுதான். ஆகவே தோழர்களே, மோதிரம் கேட்டு ஒரு கை உங்கள் வாயிலுக்கு வருமுன்பே, "ஏன்?" என்று கேட்கும் நாவைக் காத்துக்கொள்ளுங்கள்!