அந்த ஏரி எங்கே இருக்கிறது?

போன மாதம் கோலாலம்பூரில் ஓர் இலக்கியச் சந்திப்பு. முப்பது பேர் வந்திருப்போம், பெரும்பாலும் இளைஞர்கள். திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகாத ஒரு தம்பதி தங்கள் பாலித் தீவுப் பயணத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கணவர் கட்டுரை வாசிக்க, மனைவி மடிக்கணினியில் படங்களை ஓட்டினார். நெல் வயலுக்கு மேல் ஊஞ்சல். நீச்சல் குளத்தில் மிதக்கும் பசியாறல் தட்டு. முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்க்கும் மனைவி. முதுகைக் காட்டிக்கொண்டு வயலைப் பார்க்கும் மனைவி. கடைசியாக லெம்புயாங் கோயில். இரண்டாகப் பிளந்து நிற்கும் கல் வாசலுக்கு நடுவே இருவரும் கைகோத்து நிற்கிறார்கள். பின்னால் ஆகுங் எரிமலை. காலடியில் அசையாத ஏரி, அதில் வாசலும் வானமும் தலைகீழாகத் தெரிகின்றன. அந்தப் படம் திரையில் இருந்தபோது அவர் வாசித்த பத்தி, ஏரி நீரின் அமைதி தன் மனத்துக்குள் எப்படி இறங்கியது என்பதைப் பற்றியது.

கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன். "தம்பி, அந்த ஏரி எங்க இருக்கு?"

அவர் சிரித்தார். "அக்கா, இலக்கியத்துல கொஞ்சம் கற்பனை இருக்கலாம்தானே?" அதற்குக் கைதட்டல் வேறு. கூட்டம் முடிந்து தேநீர் நேரத்தில் ஏற்பாட்டாளர் என்னைத் தனியாக அழைத்து, "பாவம் புது ஜோடி, அவங்களப் போய் ஏன் வம்புக்கு இழுக்கிற? பொறாமையா?" என்றார். அவருக்கு அப்போது சொல்லாத பதில்தான் இது.

அங்கே ஏரி இல்லை. கல் பாவிய முற்றம்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் குடையின் கீழ் உட்கார்ந்திருப்பார். நம் கைப்பேசியை வாங்கி, லென்ஸுக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டைக் கிடையாகப் பிடிப்பார். கண்ணாடியில் விழும் வாசலும் வானமும் படத்தில் ஏரியாகிவிடும். இது ரகசியமெல்லாம் இல்லை. 2019இலேயே உலக ஊடகங்கள் எழுதிவிட்டன, அதற்குப் பிறகும் வரிசை நீண்டுகொண்டுதான் இருந்தது. அங்கே போகிற யாருமே ஏமாறுவதில்லை. எண் அட்டையோடு மணிக்கணக்காகக் காத்திருக்கும்போது முன்னால் இருப்பவர்களுக்குக் கண்ணாடி பிடிப்பதைப் பார்த்துக்கொண்டுதானே நிற்கிறோம்?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் நின்றவள். நானும் என் கணவரும் விடியற்காலை நான்கரை மணிக்கு விடுதியிலிருந்து கிளம்பி, மூன்று மணி நேரம் காத்திருந்து, நான்கு 'போஸ்' கொடுத்தோம். நின்று ஒன்று, கைகோத்து ஒன்று, யோகா மாதிரி ஒன்று, குதித்து ஒன்று. "நெக்ஸ்ட் போஸ்!" என்று குடைக்குக் கீழிருந்து குரல் வரும். அந்தப் படம் கிள்ளானில் எங்கள் பிளாட் வரவேற்பறையில் கேன்வாஸாகத் தொங்குகிறது. வருகிறவர்கள் ஏரியைப் பற்றிக் கேட்டால் நானும் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். ஆகவே நான் பொறாமையில் பேசவில்லை. ஒரே குற்றத்தைச் செய்த இன்னொருத்தியாகப் பேசுகிறேன்.

இதைச் சொன்னதும் நம் பெரியவர்கள் சிலர் சந்தோஷப்படுவார்கள் என்று தெரியும். "இந்தக் காலத்துப் பசங்க எல்லாத்தையும் படம் புடிச்சிப் பீத்திக்கிறாங்க, காசைக் கரியாக்குறாங்க" என்ற பாட்டு அவர்களிடம் தயாராக இருக்கிறது. அந்தப் பாட்டில் நான் சேர மாட்டேன். என் தாத்தாவின் அப்பா 1920களில் கப்பலில் பினாங்கு வந்தபோது அவர் மிதித்த முதல் மண் பூலாவ் ஜெரெஜாக் தீவு. தோட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க நம் ஆட்களை அடைத்துவைத்த இடம் அது. தொழுநோயாளிகளையும் அதே தீவில்தான் வைத்திருந்தார்கள். பிறகு காசநோயாளிகள், 1969 முதல் 1993 வரை சிறை. அதற்கும் பிறகு அங்கே உல்லாச விடுதி வந்தது. தீவு என்றால் அடைபட்டுக் கிடக்கும் இடம் என்று அறிந்திருந்த ஒரு குடும்பத்தின் நான்காம் தலைமுறை, தன் சம்பளத்தில் இன்னொரு தீவுக்குப் போய் மணலில் மல்லாந்து படுக்கிறது. படுக்கட்டும். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படுக்கட்டும். அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

என் சண்டை வேறு. ஓய்வுக்குப் போன இடத்தில் நாம் ஓய்வெடுப்பதே இல்லை. வேலை வேலை என்று ஓடும் சமூகங்களுக்கு விடுமுறையில் சும்மா இருப்பது பதற்றம் தருகிறது, அந்தப் பதற்றத்தைத் தணிக்கக் கையில் கேமரா ஒரு வேலையைக் கொடுக்கிறது என்று சூசன் சொன்டாக் 1977இலேயே எழுதினார். அவர் சொன்னது ஜெர்மானியர், ஜப்பானியர், அமெரிக்கர்களைப் பற்றி. இரண்டு ஷிப்ட் பார்த்து, சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்து, வருடத்தில் ஐந்து நாள் லீவு எடுக்கும் நம்மைப் பார்த்திருந்தால் பட்டியலில் நம்மையும் சேர்த்திருப்பார். ஐந்து நாளில் நாங்கள் எடுத்த படங்கள் 1,862. எண்ணிப் பார்த்தேன். அதே வருடம் எங்கள் வீட்டுக்குள் எடுத்த படங்களையும் எண்ணினேன். 41. அதில் மின்கட்டண மீட்டர் 6, வீட்டுக்காரருக்கு அனுப்பிய உடைந்த தரை ஓடு 4, வந்து சேர்ந்த பார்சல் பெட்டிகள் 11, மைகாட் நகல் 3. மிச்சத்தில் பாதி, தவறுதலாக விரல் பட்டு எடுத்த கூரை.

இந்த 41ஐ நான் எண்ண நேர்ந்த காரணம் அம்மா. சென்ற ஆண்டு இறந்துபோனார். நாளிதழில் கண்ணீர் அஞ்சலி போடவும் சட்டம் போட்டு மாலை சாத்தவும் ஒரு படம் வேண்டும். மூன்று வீட்டுக் கைப்பேசிகளைத் தேடினோம், ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்த கூட்டப்படத்திலிருந்து அம்மாவை வெட்டி எடுத்தோம். கடைக்காரர் பின்னணியை நீலமாக்கிக் கொடுத்தார். ஆனாலும் அம்மாவின் இடது தோளோரம் யாரோ ஒரு அத்தையின் பச்சைப் பட்டு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாழ்நாளில் பாதியை அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு அடுப்படியில் ஒரு படம் இல்லை. கைப்பேசியைத் தூக்கினால், "வீடு அலங்கோலமா கெடக்கு, எடுக்காத" என்பார். நாங்களும் உடனே கீழே போட்டுவிடுவோம். அவர் சொல்லைக் கேட்ட மாதிரி நடித்தோம். உண்மையில் எங்களுக்கும் அது எடுக்கத் தகுந்த இடமாகத் தோன்றவில்லை. ரொலான் பார்த் தன் அம்மா இறந்த பிறகு பழைய படங்களைப் புரட்டி, அம்மா சிறுமியாக இருக்கும் ஒரே ஒரு படத்தில் அவரைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு புத்தகமே எழுதினார் (1980). அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் போடவில்லை. அவருக்கு ஒளித்துவைக்க ஒரு படமாவது இருந்தது.

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். எங்கள் குடும்பம் கெடாவில் ஒரு கித்தாத் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்தது. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, இன்று அங்கே தாமான் வீடுகள். தோட்டக் காலத்திலிருந்து எங்களிடம் மிஞ்சியது ஒரே ஒரு படம். தாத்தாவும் பாட்டியும் சுங்கைப் பட்டாணியில் ஒரு ஸ்டூடியோவில் நிற்கிறார்கள். பின்னால் திரைச்சீலை. அதில் கடல், தென்னை மரங்கள், மூலையில் நிலா. கூர்ந்து பார்த்தால் சீலையில் ஒரு மடிப்பு கடலைக் குறுக்கே வெட்டுகிறது. தினமும் ஐந்து மணிக்குப் பால் மரம் வெட்டப் போனவர்களுக்கு ஒரு பால் மரத்தின் அருகில் படமில்லை. பால் மரத்தோடு தமிழர்கள் நிற்கும் படங்கள் இருக்கத்தான் செய்கின்றன. துரைமார்களும் ஊர் சுற்ற வந்த வெள்ளைக்காரர்களும் எடுத்தவை, இன்று ஆவணக் காப்பகங்களில். சிங்கப்பூரின் லாம்பர்ட் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரத்து மனிதர்களை வகைவகையாகப் பிரித்துப் படமெடுத்து விற்றது. நம்மை நாம் எடுத்துக்கொண்டபோதோ கடலுக்கு முன்னால் போய் நின்றோம்.

லயத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுத உட்கார்ந்தபோது, அடுப்பு பின்கதவுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சித்தியிடமும் மாமாவிடமும் கேட்டேன். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு நாள் பேசவில்லை. நான் கதையில் அடுப்பையே எடுத்துவிட்டேன். நம் தோட்டப்புறக் கதைகளில் மண்டோரின் அதட்டலும் சாமி கும்பிடும் திருவிழாவும் திரும்பத் திரும்ப வருவதற்கும், ஒரு லயத்து வீட்டின் உட்பக்கம் மட்டும் மங்கலாகவே இருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யாரும் அதைப் பார்த்து வைக்கவில்லை.

இப்போது லெம்புயாங் வாசலுக்குத் திரும்புவோம். அதுவும் அதே திரைச்சீலைதான், விமான டிக்கெட் வாங்க வேண்டும் என்பது மட்டும் கூடுதல். ஆனால் தாத்தாவுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தனக்குப் பின்னால் இருப்பது துணி என்று தாத்தாவுக்குத் தெரியும், படத்தைப் பார்க்கிறவனுக்கும் தெரியும். யாரும் அந்தக் கடலின் காற்று தன் மனத்துக்குள் இறங்கியது என்று கட்டுரை எழுதவில்லை. நாம்தான் எழுதுகிறோம்.

எழுதாமல் விட்டது எவ்வளவு என்று பாருங்கள். அந்த வாசல் கோயிலின் தொடக்கம் மட்டுமே. பாலியின் முக்கியமான கோயில்களில் ஒன்றான லெம்புயாங் லுஹுர் மலை உச்சியில் இருக்கிறது, ஏறத்தாழ 1,700 படிகள் ஏறிப் போக வேண்டும். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் ஏறுவதில்லை. பின்னணியில் அழகாக நிற்கும் ஆகுங் 1963இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மலை. பாலி மக்கள் அதைத் தங்கள் மலைகளில் மிகப் புனிதமானதாகக் கும்பிடுகிறார்கள். கொன்ற மலையைக் கும்பிடுவது என்றால் என்ன என்று கேட்க அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி பிடிப்பவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஜோடிகள் அவர் முன்னால் கைகோக்கின்றன! எந்த ஜோடி இப்போதுதான் சண்டை போட்டது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவரோடு பத்து நிமிடம் பேசியிருந்தால் அது கட்டுரை. எங்கள் 1,862இல் அவர் முகம் ஒன்றில்கூட இல்லை. தம்பதி காட்டிய படங்களிலும் இல்லை.

தேனிலவைப் படமெடுப்பதே கீழானது என்று சொல்ல வரவில்லை. ஜப்பானியரான நோபுயோஷி அராகி 1971இல் தன் தேனிலவுப் படங்களையே புத்தகமாக்கி, தானே ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். அதில் மனைவி யோகோ சிரிப்பதே அபூர்வம். ரயிலில் எங்கோ பார்த்தபடி இருக்கிறார், படகில் பாயின் மேல் சுருண்டு தூங்குகிறார். 1990இல் யோகோ புற்றுநோயில் இறந்தார். மறு வருடம் வந்த புத்தகத்தில் மருத்துவமனையும் பூக்களுக்கு நடுவே சவப்பெட்டியும் வீடும் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் படகுத் தூக்கம் வேறு ஒன்றாகிவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, ஆனால் நடக்கிறது.

அதற்காக வீட்டைப் படமெடுத்தால் உண்மை வந்துவிடும் என்றும் ஏமாந்துவிடக் கூடாது. அதே நாட்டில் மசாஹிசா ஃபுகாசே, 1973இல் தன் மனைவி வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் மாடி ஜன்னலிலிருந்து படமெடுத்தார். அருமையான படங்கள், நாக்கைத் துருத்துகிறார், கையை விரிக்கிறார், குடையோடு நடக்கிறார். அந்த மனைவியோ, தன்னை லென்ஸ் வழியாக மட்டுமே பார்த்த மனிதர் என்று அவரைப் பற்றி எழுதினார், சில வருடங்களில் பிரிந்தும் போனார். அராகி மீதும் அவருக்கு நெடுநாள் மாடலாக இருந்த ஒரு பெண் 2018இல் கடுமையான புகார்களை எழுதினார். கேமராவுக்குப் பின்னால் எப்போதும் ஒரே ஆள் நிற்கும் வீட்டில் ஏதோ சரியில்லை. நம் வீடுகளிலும் பாருங்கள், யார் எடுக்கிறார், யார் முதுகைக் காட்டி நிற்கிறார் என்று.

நம் இதழ்களுக்கும் இதில் பங்கு உண்டு. பயணக் கட்டுரை கேட்கும்போது "படம் பத்து அனுப்புங்க, நல்லா பளிச்சுனு" என்கிறோம். இந்த இதழும் விதிவிலக்கு இல்லை. படம் பளிச்சென்று இருந்தால் கட்டுரை அதற்கு அடிக்குறிப்பாக இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. அடிக்குறிப்புக்குப் பொய் சொல்லச் சுலபம்.

"கற்பனை இருக்கலாம்தானே" என்று கேட்ட தம்பிக்கு: இருக்கலாம். ஏரியே இல்லாத இடத்தில் ஏரியைப் பார்த்த ஒருவனைப் பற்றி நீ கதை எழுதியிருந்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டியிருப்பேன். நீ கற்பனை செய்யவில்லை. வேறு ஆயிரம் பேர் எடுத்த படத்தை எடுத்து, வேறு ஆயிரம் பேர் எழுதிய அமைதியை எழுதினாய். அமைதி உனக்கு வந்திருந்தால் சொல், மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்று தேநீர் நேரத்தில், மீகூன் எடுக்க நின்ற இடத்தில், அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றார். முகம் சுருங்கியிருந்தது. நான் கேட்டது அவருக்கு வலித்திருக்கும். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று என் வீட்டுக் கேன்வாஸைப் பற்றிச் சொன்னேன். அன்று என் கணவருக்கு அந்தப் படிகளில் ஏற வேண்டும், எனக்குப் படம் வேண்டும். மத்தியானம் வேறு இடத்துக்கு வண்டி பேசியிருந்ததால் இரண்டுக்கும் நேரமில்லை. நான் ஜெயித்தேன். வரிசையில் கடைசி ஒன்றரை மணி நேரம் இருவரும் பேசவில்லை. "நெக்ஸ்ட் போஸ்" என்று கத்தியபோதுதான் அவர் என் கையைப் பிடித்தார். நான்காவது போஸ் முடிந்ததும் விட்டுவிட்டார்.

அவர் தட்டைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீங்களுமாக்கா?" என்றார்.

அதற்குள் கணவர் கார் சாவியோடு வந்துவிட்டார்.