'போமட் அடிச்சாச் சரி' எண்டு சொல்லாதீங்க அண்ணா

போன செமஸ்டர் முடிகிற நேரம் என்னுடைய லப்டொப் விண்டோஸ் அடையாளத்தோடு நின்றுவிட்டது. அந்தச் சின்னப் புள்ளிகள் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் கழித்து உள்ளே போனால், ஒரு போல்டர் திறக்க ஒரு பிளேன்ரீ ஆறுகிற நேரம் எடுக்கும். காதைக் கிட்ட வைத்தால் உள்ளே 'டிக்... டிக்...'.

காலி வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணா ஓன் பண்ணி ஒரு நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் அடிபட்டிருக்கு தங்கச்சி. போமட் அடிச்சாச் சரி. நாளைக்கு வாங்க." மனசு கேட்கவில்லை, இன்னொரு கடைக்குப் போனேன். அங்கே, "ஹாட் டிஸ்க் செத்துட்டு. புதுசு போடணும். உள்ள இருக்கிறது வராது." ஒரே மெஷின், ஒரே பின்னேரம், இரண்டு தீர்ப்பு. இரண்டு தீர்ப்பு வந்தது எனக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு பேருமே அந்த டிஸ்க்கிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினை. எந்த பகல்ட்டி என்று கேட்டு, ஆர்ட்ஸ் என்று நான் சொன்ன பிறகு விளக்கம் சொல்லும் எண்ணமும் அவர்களுக்குப் போய்விட்டது.

டிஸ்க்கிடம் கேட்கலாமா? கேட்கலாம். ஹாட் டிஸ்க் ஒவ்வொன்றும் தன்னைப் பற்றி ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். எத்தனை மணித்தியாலம் ஓடியது, எத்தனை இடம் பழுதானது, எல்லாம் அதில் இருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச சொப்ட்வெயாரைத் திறந்தால் நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறத்திலேயே காட்டும். விண்டோஸ் வரவே மாட்டேன் என்றால் ஒரு பென்ட்ரைவில் லினக்ஸ் போட்டு அதிலிருந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் இருக்கிற சிநேகிதி பென்ட்ரைவ் தந்தாள். அவளும் ஆர்ட்ஸ்தான்.

முதல் வரியில் கோடிக்கணக்கில் ஒரு எண் தெரிந்தது, பயந்துவிட்டேன். பிறகுதான் வாசித்து அறிந்தேன், சீகேட் டிஸ்க்குகளில் அந்த வரி அப்படித்தான் இருக்கும், கணக்கெடுக்கத் தேவையில்லை. பார்க்கவேண்டிய வரிகள் நான்கைந்துதான். 05 என்பது, பழுதான இடங்களை ஒதுக்கிவிட்டு டிஸ்க் தன் சேமிப்பிலிருந்து மாற்று இடம் கொடுத்த எண்ணிக்கை. சி5 என்பது, வாசிக்க முடியாமல் 'பார்ப்போம்' என்று காத்திருக்கிற இடங்கள். சி6 என்பது, திருத்த முடியாமல் போனவை. சி7 ஏறினால் பிழை பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, அதை இணைக்கிற கேபிளில். சில நூறு ரூபாய் வேலைக்குப் புது டிஸ்க் வாங்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

என்னுடையதில் சி7 பூச்சியம். 05 இல் 312. சி5 இல் 48. அதாவது முதல் கடை சொன்னது தவறு, விண்டோஸ் மேல் பழி போட ஒன்றும் இல்லை. இரண்டாவது கடை சொன்னதும் பாதிதான் சரி. டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது, ஆனால் சாகவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அவகாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொரு வரி என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டது. கரண்ட் திடீரென்று போய், ஊசி அவசரமாக ஒதுங்கிய தடவைகள்: 1,100 சொச்சம். இந்த லப்டொப் அண்ணா 2014 இல் வாங்கியது. பற்றரி எப்போதோ போய்விட்டது, பிளக்கில்தான் உயிர். 2022 இல் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நாங்கள் மெழுகுதிரியில் படித்ததை மறந்துவிட்டோம், அந்த டிஸ்க் ஒவ்வொரு தடவையும் எண்ணி வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிற தட்டுக்கு மேலே, ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கும் வராத உயரத்தில் மிதக்கிற ஊசி அது. அதே வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனது, புது லப்டொப் என்ற கதையே வீட்டில் நின்றுபோனது. அதனால்தான் நம்மில் பலர் இன்றைக்கும் அண்ணாவின், அக்காவின் பழைய மெஷினில் இருக்கிறோம்.

சரி, ஒரு பழைய லப்டொப்புக்கு ஏன் இவ்வளவு கதை? உள்ளே இருந்தது அப்படி. 83 ஜூலைக்குப் பிறகு கொழும்புக்குத் திரும்பி வந்து குடியேறிய ஒன்பது பேரை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போய்ச் சந்தித்து, என் ஆய்வுக்காகக் குரல் பதிவு செய்திருந்தேன். மொத்தம் 14 மணித்தியாலம். 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனதை ஒருவர் சொல்லியிருந்தார். வீடு எரிந்தபோது கல்யாண அல்பம் போனதைப் பற்றி மூன்று பேர், கேட்காமலே, சொல்லியிருந்தார்கள். போனில் இடம் இல்லாததால் ஒவ்வொன்றையும் லப்டொப்புக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டேன். ஆக, எரிந்துபோன அல்பங்களைப் பற்றிய பேச்சுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு கொப்பி, அதுவும் அந்த 'டிக் டிக்' சத்தத்துக்குள்ளே.

முதல் கடையில் 'சரி' என்று சொல்லியிருந்தால்? முழுப் போமட் என்றால் டிஸ்க் முழுக்கப் பூச்சியம் எழுதும். அதற்குப் பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குயிக் போமட் என்றாலும் அதன்மேல் புது விண்டோஸ் ஏறி உட்கார்ந்துவிடும். 'செக்டிஸ்க் ஓடவிடு' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல டிஸ்க்குக்கு அது மருந்து. செத்துக்கொண்டிருக்கிற டிஸ்க்கை அது மூலைமுடுக்கெல்லாம் போட்டு வாசிக்க வைக்கும், பைல் அமைப்பையும் மாற்றி எழுதும். மூச்சு வாங்குகிற ஆளை மாடிப்படி ஏறச் சொல்வது மாதிரி. டிஸ்க்கைப் பிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். வெள்ளவத்தை ஈரக்காற்றில் அதை வெளியே எடுத்தால் என்ன நடக்கும்? ஐஸ் வோட்டர் கிளாஸில் வேர்க்கிற மாதிரி உள்ளேயும் வேர்க்கும். தயவு செய்து வேண்டாம்.

நான் சொல்வது ஒழுங்கைப் பற்றி. முதலில் காப்பாற்று, பிறகு நோயைப் பார், கடைசியில் திருத்து. ஸ்மார்ட்டைப் பார்க்க ஒரு நிமிடம்தான். சி5 ஏறியிருந்தால் அந்த மெஷினில் வேறு எதுவும் செய்யாமல் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுக்கவேண்டும். டிடிரெஸ்கியூ என்று ஒரு லினக்ஸ் கருவி இருக்கிறது. அது முதல் சுற்றில் சுகமாக வருகிற பகுதிகளை எல்லாம் எடுத்துவிடும், முரண்டு பிடிக்கிற இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவைக்கும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் எடுத்தது. அம்மா இரவில் எழும்பி வந்து, "இன்னும் முடியலையா, உது சூடேறி வெடிக்கப்போகுது" என்று பேசிவிட்டு, டேபிள் பேனைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். ஆனால் டிஸ்க்கைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை, தொடர்ந்து அடிக்கிற சத்தம் மட்டும் என்றால் இதுவும் கூடாது. உடனே நிறுத்திவிட்டு, தரவு மீட்பதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம்தான் கொடுக்கவேண்டும், காசு போனாலும்.

ஸ்மார்ட்டைக் கடவுளாக்கவும் நான் வரவில்லை. கூகிள் 2007 இல் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. முதல் ஸ்கேன் பிழை காட்டிய டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் சாகிற வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. ஆனால் செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன. அதாவது மஞ்சள் வந்தால் நம்பு, நீலம் வந்தால் நம்பாதே.

கடைக்கார அண்ணாக்கள் மேல் மட்டும் கோபப்பட்டு முடிக்க முடியாது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததற்கு ஒவ்வொரு ஜூனிலும் ஸ்டேட்டஸ் போடுகிறோம். நூலகம் தளத்தில் 2005 இலிருந்து ஆட்கள் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி ஏற்றுகிறார்கள், அதையும் ஷெயார் பண்ணுகிறோம். ஆனால் நம்முடைய சொந்தப் பதிவுகள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று கேட்டால் முழிக்கிறோம், நான் உட்பட. அரசாங்கமும் திறமில்லைத்தான். 2023 இல் அரச மின்னஞ்சல்களை ரான்சம்வெயார் தாக்கியபோது ஏறக்குறைய 5,000 முகவரிகளில் மே 17 இலிருந்து ஆகஸ்ட் 26 வரை இருந்தவை போய்விட்டன. பேக்கப்பும் அதே இடத்தில் இணைந்திருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டுப்பட்டது. லப்டொப்பிலேயே எப்போதும் குத்தியிருக்கிற எக்ஸ்டேர்னல் டிஸ்க்கை பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

என் திணைக்களத்திடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆய்வறிக்கையை மூன்று பிரதி பைண்ட் பண்ணிக் கேட்கிறீர்கள், இடதுபக்க மாஜின் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்கிறீர்கள். அந்த அறிக்கைக்கு அடியில் இருக்கிற குரல்களை ஏன் கேட்பதில்லை? பேசியவர்களின் சம்மதத்தோடு ஒரு டிஸ்க்கில் வாங்கி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒவ்வொரு பட்ச்சிலும் எத்தனையோ மணித்தியாலப் பதிவுகள் இப்படிப் பழைய லப்டொப்புகளோடு போகின்றன.

ஒன்பது பேரில் எட்டுப் பேரின் பதிவு முழுதாக வந்தது. ஒன்பதாவது, கொட்டாஞ்சேனை அம்மம்மா ஒருவருடையது, பைல் இருக்கிறது, திறக்காது. அந்த 48 இடங்களில் சில அவருக்குள்ளே போய் விழுந்திருக்கின்றன. வெட்கத்தை விட்டுத் திரும்பப் போனேன். "அண்டைக்குத்தானே பிள்ளை எல்லாம் சொன்னனான்" என்றார். மறுக்கவில்லை, சொன்னார். முதல் தடவை ஒன்றரை மணித்தியாலம் சொன்னதை இம்முறை இருபது நிமிடத்தில் முடித்தார். தகப்பன் கடைத் திறப்பைத் தேடிக்கொண்டு நின்ற கதை இதில் இல்லை. அதைக் கேட்டுப் பார்த்தேன், "அது கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசை லாச்சியில் போட்டிருக்கிறேன், புது எஸ்எஸ்டி போட்டாயிற்று. பதிவுகளின் ஒரு கொப்பி என்னிடம், இன்னொன்று கொட்டாஞ்சேனையில் சிநேகிதி வீட்டு அலுமாரியில். அவளுடைய ஆய்வுப் பைல்கள் எங்கள் வீட்டில், அம்மாவின் சீலைகளுக்கு நடுவே இருக்கின்றன.